பாறையை நம்பிய பாலம்

மலைநாட்டுச் சாலைக்குத் தொங்கு பாலத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நிர்ப்பந்தத்தினால்தான். பாகீரதியைத் தேக்கி டெஹ்ரி அணை எழுந்த பின்னர், அக்கரைக்கு நேர்வழியின்றி மலையைச் சுற்றிக்கொண்டிருந்த பிரதாப்நகர்ப் பகுதி மக்களுக்காக 2020-இல் திறக்கப்பட்ட டோப்ரா-சாண்டி பாலம், கோபுரத்துக்குக் கோபுரம் 440 மீட்டர் தூரத்தை இடையில் ஒரு காலும் ஊன்றாமல் கடக்கிறதென்றால், அவ்வளவு ஆழமான நீரில் தூண் நிறுத்துவது சாமானியமான காரியமன்று என்பதே காரணம்.

இத்தகைய பாலத்தை வகுக்கப் புகுந்தவன் முதலில் தீர்மானிக்க வேண்டியது வடத்தின் தொய்வு. பாரம் சீராகப் பரவியிருக்குமானால், தொய்வு கோபுரங்களின் இடைவெளியில் எட்டிலொரு பங்காகும்போது வடத்தின் கிடைமட்ட இழுப்பு அந்த மொத்தப் பாரத்துக்குச் சமம். பத்திலொரு பங்கானால் ஒன்றேகால் மடங்கு. பன்னிரண்டில் ஒரு பங்கானால் ஒன்றரை மடங்கு. கோபுரத்தின் உயரத்தைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், கூடிய இழுப்பைத் தாங்கப்போவது இரு கரைப் பாறைகளே என்பதை மறந்துவிடலாகாது.

ஆதலால் கணக்குத் தாளைப் பிரிக்குமுன் பாறையைத் தட்டிப் பார்ப்பதே என் வழக்கம். உறுதியான பாறை சுத்தியலுக்குக் கணீரென்று பதில் சொல்லும். மக்கிய பாறையோ ஓசையை விழுங்கிவிடும். ஆயினும் ஓசை மட்டும் போதாது. அடுக்குகள் ஆற்றை நோக்கிச் சரிந்திருந்து, அவற்றின் இடுக்கில் கத்தி முனை நுழையுமளவு வெடிப்பும், மழைநீர் கசிந்து வந்ததன் அடையாளமாக வெண்படிவமும் காணப்படுமாயின், வடம் இழுக்கும் திசையும் மலை சரிய விரும்பும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. அவ்விடத்தில் எத்தனை கான்கிரீட் கொட்டினாலும் எனக்கு நிம்மதி பிறக்காது. அடுக்குகள் மலைக்குள் சாய்ந்திருக்கும் இடம் அரை மைல் தள்ளியிருப்பினும், சாலையை அங்கே திருப்புவதே உசிதம்.

அடுத்த சங்கடம் லாரியால் வருவது. பெருநகரத்து நெடும் பாலங்களில் பாலத்தின் சொந்தப் பாரமே பிரதானமாகையால் ஒரு வண்டி அதன் உருவத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. மலைப் பாலமோ, அதன் ஒவ்வொரு உறுப்பும் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வந்தாக வேண்டியிருப்பதால், இயன்றவரை லேசாகச் செய்யப்படுகிறது. பாரம் ஏற்றிய லாரி கால்வாசித் தூரத்தில் நிற்கும்போது அவ்விடம் தாழ, எதிர்ப்புறத்துக் கால்வாசி மேலெழும்புகிறது. இதை அடக்குவதற்கே தளத்தின் இருமருங்கிலும் விறைப்புச் சட்டங்கள். அவற்றை அடைப்பில்லாத பின்னலாக அமைப்பதால் பள்ளத்தாக்குக் காற்று ஊடே போய்விடும். 1940-இல் அமெரிக்காவின் டகோமா பாலம், ஆழங்குறைந்த அடைப்புத் தகட்டுச் சட்டங்களோடு காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்ததிலிருந்து உலகம் முழுவதும் பெற்ற பாடம் இது.

இவ்வளவும் செய்த பின்னர், வடத்தின் இழைகள் பிரிந்து பாறைக்குள் நங்கூரமிடும் அறைக்கு, ஒரு மனிதன் நிமிர்ந்து நுழையத்தக்க கதவும், நீர் தங்காமல் வெளியேறும் சரிவும் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறேன். துரு முதலில் பற்றுவது வெளிச்சம் படாத அந்த இழைகளைத்தான். உள்ளே போக இயலாத அறையை எவரும் பரிசோதிப்பதில்லை.