குளிருக்கு மூன்று நாள்

பனிச்சறுக்கு விளையாட வேண்டுமானால் ஜப்பானுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். கூட்டமில்லாத ஒரு மலைக் கிராமம், வெந்நீர் ஊற்று, முழங்கால் வரை வெண்பனி! படத்தில் பார்த்தாலே பல் கிட்டுகிறது. ஆனால் திண்டுக்கல்லில் குடித்தனம் செய்துகொண்டு, மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் ஒரு பத்திரிகைக்காரன், கையில் மூன்று நாள் லீவை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஆசைப்படலாமா? நம் தேசத்திலேயே காஷ்மீரத்துக் குல்மார்க்கும் உத்தராகண்டத்து அவுலியும் இருக்கின்றன. ஆனால் டில்லிக்குப் போய்ச் சேரவே ரயிலில் இரண்டு ராத்திரி ஆகிவிடுமே!

ஜப்பானியருக்கும் இந்த விளையாட்டு பரம்பரைச் சொத்து அல்ல. 1911-ம் வருஷம் ஜனவரி மாதம், தியோடர் வான் லெர்ச் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி, தகாதா என்ற ஊரில் சிப்பாய்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அங்கிருந்துதான் பரவியது. சைபீரியாவிலிருந்து புறப்படும் வறண்ட காற்று, ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தைக் குடித்துவிட்டு, மலையில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. கடலும் மலையும் சேர்ந்து செய்யும் உபகாரம் அது.

நம் கொடைக்கானலுக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் வேறொரு யோகம் உண்டு: உறைபனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில், வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். பகலில் வாங்கிய சூட்டை மண் அப்படியே ஆகாயத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். புல்லின்மேல் ஈரம் உறைந்து, விடியும்போது தரை முழுதும் உப்பைத் தூவினாற்போல் வெளுத்திருக்கும். மேகம் போர்த்திய ராத்திரியிலும் காற்றடிக்கும் ராத்திரியிலும் இந்த வேடிக்கை நடக்காது. சூரியன் சற்று மேலே வந்துவிட்டாலோ எல்லாம் மாயம்!

"அதைப் பார்த்துவிட்டு வரலாமா?" என்று வீட்டில் கேட்டேன். எட்டு வயதுப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. என் தாயார் மட்டும், "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது, நேயர்களே. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த நாள் முதல், மேற்கே நீலக் கோடாக நிற்கும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவைகூட ஏறியதில்லை. முதலில் குழந்தைகள் சிறுசுகள், அப்புறம் பரீட்சைகள், அப்புறம் கல்யாணங்கள். இப்போது முழங்கால் வலியும் இளைப்பும். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று இனிமேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே முதல் ஏற்பாடு, ஓட்டல் அல்ல, டாக்டர். கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி. திண்டுக்கல்லோ 1,000 அடிகூட இல்லை. மேலே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நமக்கு மாடிப்படி ஏறினால் லேசாக மூச்சு வாங்கும். இளைப்புக்காரருக்கு அந்தக் குளிரும் சேர்ந்துகொள்ளும். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "தாராளமாகப் போகலாம். இன்ஹேலர் கையிலேயே இருக்கட்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளட்டும். முதல் நாள் எங்கேயும் அலையாதீர்கள்" என்றார்.

இரண்டாவது, எங்கே தங்குவது? என் ஆசை மன்னவனூர்மேல். கொடைக்கானலுக்கு அப்பால் சுமார் 35 கிலோமீட்டர். பச்சைக் கம்பளம் விரித்த மேடு பள்ளங்கள், மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணை, ஏரி; சந்தடி என்பதே கிடையாது. ஜப்பானியக் கிராமத்துக்கு நம் பதில் அதுதான்.

"என்னங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அத்தைக்கு மூச்சு இழுத்தா அந்தக் காட்டிலே யாரைப் போய் எழுப்புவீங்க?" என்றாள் மனைவி.

பதில் சொல்ல முடியுமா? சமரசம் ஆயிற்று. ராத்திரி தங்குவது ஆஸ்பத்திரிக்குப் பக்கமான கொடைக்கானலில், கடைத்தெருவுக்குச் சற்று ஒதுங்கி. பகல் வெயிலில் பூம்பாறையும் மன்னவனூரும். பூம்பாறையில் படிப்படியான வயல்களைப் பார்க்கலாம். குழந்தை வேலப்பரைத் தரிசிக்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் வாங்கலாம்.

அறைக்கு மனைவி விதித்த நிபந்தனைகள்: தரைத்தளம், வெந்நீர், முழங்காலுக்கு இதமான கழிப்பறை, ஜன்னலைத் திறக்காமலே புல்வெளி தெரிய வேண்டும். கடைசியாக ஒன்று: "அடுப்புப் பத்தவைக்கிற வேலை எனக்கு இருக்கக் கூடாது." நியாயந்தானே! வீட்டுச் சமையலறையை மலைமேல் தூக்கிக்கொண்டு போவதற்கு லீவு என்று பெயரா?

மூன்றாவது, நாள். கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல் மூன்றிலும் மலைமேல் மனிதத் தலைதான் தெரியும். பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு வரும் செவ்வாய், புதன், வியாழன் என்று முடிவு செய்தோம். பெண்ணுக்கு மூன்று நாள் பள்ளிக்கூடம் போகிறது. போகட்டும், உறைபனி ஏன் உண்டாகிறது என்பதை நேரிலேயே படிக்கட்டும்.

நான்காவது, வழி. செம்பட்டி, வத்தலக்குண்டு, காட்ரோடு வழியாகச் சுமார் 95 கிலோமீட்டர். காட்ரோட்டில் ஏற்றம் ஆரம்பித்தால் வயிறு பேச ஆரம்பிக்கும். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். அம்மாவுக்கு முன் சீட்டு. சொந்தக் காரோ வாடகைக் காரோ, புறப்படுமுன் இ-பாஸ் பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் வந்த ஏற்பாடு அது.

1845-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள், காய்ச்சலுக்குப் பயந்து, முதன்முதலாக அங்கே வீடு கட்டினார்கள். பெரியகுளம் அடிவாரத்திலிருந்து நடந்தும், மட்டக்குதிரையிலும், ஆட்கள் சுமந்த நாற்காலியிலும் ஏறின காலம் அது. நோயாளிகளும் குழந்தைகளும் அப்படி ஏறியிருக்கும்போது, மோட்டாரில் போக நமக்கு என்ன கஷ்டம்? இதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

அறைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. பெட்டியில் கம்பளிச் சால்வை, காலுறை, இன்ஹேலர் எல்லாம் தயார். விடியற்காலை அம்மா வெளியே வர வேண்டியதில்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டுவிடுவோம். பெண் புல்வெளியிலிருந்து ஒரு பிடி வெள்ளையை உள்ளங்கையில் கொண்டுவந்து காட்டுவாளாம். உருகுமுன் வந்து சேர்வாளா என்பது அவள் ஓட்டத்தைப் பொறுத்தது.

மேகம் கவிந்து உறைபனி விழாமலே போனால்? அதையும் கேட்டுவிட்டேன். 1872-ல் போட்ட கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதை அங்கே இருக்கிறது. ஏற்றம் அதிகமில்லாத ஒரு கிலோமீட்டர். ஓரமாக நின்றால் கீழே சமவெளி விரிந்து கிடக்கும் என்று சொன்னேன்.

"அது போதும்ப்பா" என்றாள் அம்மா. "இத்தனை வருஷமா இங்கேயிருந்து அதைப் பார்த்தாச்சு. அங்கேயிருந்து நம்ம ஊரு எப்படி இருக்குன்னு ஒரு தரம் பார்த்துட்டு வந்துடறேன்."