கவலைப்படாதிருங்கள் - திராட்சைத் தோட்டம் சொல்லும் பாடம்

மனிதனுக்குக் கஷ்டம் வருவதற்கு முன்பே கவலை வந்துவிடுகிறது. பரீட்சை எழுதும் முன்பே மார்க்கைப் பற்றிய கவலை. வேலை கிடைக்கும் முன்பே சம்பளத்தைப் பற்றிய கவலை. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்ன அதே வாய், திங்கட்கிழமை காலையில் "என்ன ஆகுமோ" என்று புலம்புகிறது.

அப்படியானால் ஆண்டவரை நம்புவது என்றால் என்ன? எதுவும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? தேனி மாவட்டத்துத் திராட்சை விவசாயிகளைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

முல்லைப் பெரியாறு தண்ணீரால் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் அனுமந்தன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று ஊருக்கு ஊர் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். பனிமய மாதா கோவில் இருக்கும் இராயப்பன்பட்டியைப் போன்ற ஊர்களில், தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உண்டு. இந்தத் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பழம் இனிப்புதான். ஆனால் அதை வளர்ப்பவரின் இரவுகள் இனிப்பானவை அல்ல. கொடியைக் கவாத்து செய்த நாளிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். அதுவரை உரம், மருந்து, கூலி என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அது கடன் பணம். பனியும் ஈரமும் சேர்ந்தால் செவட்டை நோய் வரும், சாம்பல் நோய் வரும். எல்லாம் தப்பிப் பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். நெல் விவசாயி மழைக்காக ஜெபிக்கும் அதே ஊரில், திராட்சை விவசாயி மழை வேண்டாம் என்று ஜெபிக்கிறார்! ஆண்டவர் யாருடைய ஜெபத்தைக் கேட்பார்?

பழுத்த தோட்டத்தை வைத்துக்கொண்டு, ராத்திரியில் தகரக் கூரையில் விழும் முதல் தூறல் சத்தத்தைக் கேட்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். "மழ பிடிச்சுக்கிருச்சுன்னா என்னங்க செய்யறது?" என்று மனைவி கேட்கிறார். அவரிடம் பதில் இல்லை. விழித்துக் கிடந்தாலும் மழை நிற்காது. தூங்கினாலும் மழை கூடாது. கவலையால் ஒரு கொத்தைக்கூடக் காப்பாற்ற முடியாது.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது மழையில்லாமலேயே இந்த நிலை வந்தது. பழம் பழுத்திருந்தது, வாங்க ஆள் இல்லை. கேரளாவுக்குப் போகும் வழி அடைபட்டது. திராட்சை காத்திருக்கும் பழம் அல்ல. கோவில் கதவும் பூட்டியிருந்ததால், போய் அழுவதற்குக்கூட இடமில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் "கவலைப்படாதே, விசுவாசம் இல்லையா?" என்று கேட்பது சுலபம். ஆனால் அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கலங்கினார். அந்தப் பாத்திரம் தன்னை விட்டு நீங்கும்படி மூன்று முறை ஜெபித்தார். பயப்படுவது பாவம் என்றால் அந்த ஜெபத்துக்கு என்ன அர்த்தம்? பயத்தை மறைக்காமல் பிதாவிடம் கொண்டுபோனார். அதுதான் விசுவாசம்.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு ஆகாயத்துப் பறவைகளைக் காட்டுகிறார். அவை விதைப்பதில்லை என்பதை வைத்துச் சிலர் சோம்பலுக்கு வசனம் தேடுகிறார்கள். ஆனால் பறவை கூட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லையே! விடிந்ததும் இரை தேடிப் பறக்கிறது. நாளைய இரைக்காக இன்று அழுவதில்லை, அவ்வளவுதான்.

பைபிளில் இன்னொரு இடம் திராட்சை விவசாயிக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. ஆபகூக் தீர்க்கதரிசியின் 3-ஆம் அதிகாரம். அத்தி பூக்காவிட்டாலும், திராட்சைக் கொடியில் பழமே இல்லாமல் போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார் அவர். நம்பினால் விளைச்சல் கட்டாயம் வரும் என்று அவர் சொல்லவில்லை. விளைச்சல் போனாலும் ஆண்டவர் போய்விடமாட்டார் என்பதே அவர் நம்பிக்கை. "ஜெபம் பண்ணினேன், நஷ்டம் வந்துவிட்டது, இனி நம்பமாட்டேன்" என்பவர் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஊரடங்குக்குப் பிறகும் பள்ளத்தாக்கில் கவாத்து நடந்தது. காய்ந்த கிளையை வெட்டினார்கள், தொங்கிய கொடியைக் கம்பியில் கட்டினார்கள், மறுபடி மருந்து அடித்தார்கள். போன பழத்தின் விலை திரும்ப வரவில்லை, கடனும் தானாகத் தீரவில்லை. ஆனால் கவாத்து செய்த கொடி துளிர்த்தது. ஒரு விவசாயியின் விசுவாசம் கோவிலில் முழங்காலில் நிற்கும்போது தெரிவதைவிட, நஷ்டப்பட்ட அடுத்த மாதம் கத்தியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழையும்போது நன்றாகத் தெரிகிறது.

பரீட்சை, வேலை, வீட்டுக் கடன், அம்மாவின் வியாதி... ஒவ்வொருவருக்கும் ஒரு பந்தல் உண்டு. கவாத்து செய்வது மனிதன் கையில். மழை ஆண்டவர் கையில். மழையையும் தன் கையில் பிடிக்கப் பார்ப்பவனுக்குத்தான் தூக்கம் வருவதில்லை. இன்று செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, மீதியை அவரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். காலையில் பந்தலில் வேலை இருக்கிறது.