நீர்மேல் ஓடும் பொய்யிரை

தூண்டிற்காரன் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது, புழுவைக் கோத்து நீரில் இட்டுவிட்டு, மிதவையைப் பார்த்தவண்ணம் அசைவற்றிருக்கும் ஓர் உருவமே. அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாகாணத்தின் தென்பகுதியில் சில ஆண்டுகளாக வசித்துவரும் எனக்கு அவ்வெண்ணம் முற்றிலும் மாறிவிட்டது. இங்குள்ள ஏரிகளில் பாஸ் என்றொரு மீன் உண்டு. அதில் பெருவாய்ப் பாஸ் என்னும் இனத்தைத் தேடுவோருள் அநேகர் உயிருள்ள இரையைத் தொடுவதேயில்லை. மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த பொய்யிரையை வீசி, நீரின் மேற்பரப்பிலேயே அதனை ஓடவும் தத்தவும் செய்கின்றனர். அடியிலிருந்து மீன் சீறிவந்து அதனைக் கவ்வும் அவ்வொரு கணத்துக்காக நாள் முழுதும் காத்திருப்பர்.

இக்கலைக்கு மிச்சிகனை ஒரு தாய்வீடு எனலாம். டோவாஜாக் என்னும் சிற்றூரில் தேனீ வளர்த்துவந்த ஜேம்ஸ் ஹெடன் என்பவர், ஒருநாள் தாம் செதுக்கிக்கொண்டிருந்த மரத்துண்டை ஆலைக்குளத்தில் எறிய, ஒரு பாஸ் அதனைப் பாய்ந்து தாக்கிற்றாம். கதை எவ்வளவு மெய்யோ, அவர் மரத்தால் தவளைகள் செதுக்கியதும், 1902-இல் மேற்பரப்புப் பொய்யிரைக்கு உரிமைப்பட்டயம் பெற்றதும் மெய். நம் ஊர்க் குளங்களில் விராலுக்கு உயிர்த்தவளையைக் கோத்துப் போடுவாரைக் கண்டிருக்கிற எனக்கு, மரத்தவளை முதலில் நகைப்பையே விளைத்தது.

இதனை எனக்குக் கற்பித்தவர் அண்டை வீட்டு முதியவர். வயது எண்பதை நெருங்குகிறது. கண்ணழுத்த நோயினால் அவர் பார்வை பக்கங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. இழந்த பார்வை மீளாதென்று வைத்தியர் கூறிவிட்டனர். அவருடைய சிறு படகை விற்றுவிட வேண்டுமென்பது அவர் மகளின் விருப்பம். துடுப்புப் பிடிக்க நான் ஒருவன் இருக்கும்வரை விற்கலாகாது என்பது அவர் வாதம்.

மார்ச்சு மாதத்தில் ஏரியின் பனிக்கட்டி உருகினும், பொய்யிரைப் பெட்டி உடனே திறக்கப்படுவதில்லை. மீனின் உடல் நீரின் வெப்பத்தையே ஒத்திருப்பதால், குளிர்நீரில் அதற்குப் பாயும் ஊக்கம் இல்லை. நீர் ஏறக்குறைய 60 பாரன்ஹீட் பாகையை எட்டியபின்னரே மேற்பரப்பில் வேலை தொடங்கும். அதே சமயத்தில்தான் ஆண் பாஸ் கரையோரத்தில் வாலால் மணலை விலக்கி வட்டமாய்க் கூடமைக்கிறது. பெட்டை முட்டையிட்டு அகன்றுவிடும். முட்டைகளையும் பின்னர்க் குஞ்சுகளையும் ஆணே காக்கும். நம் விராலும் குஞ்சுகளைக் காப்பதன்றோ! கூட்டின்மேல் எதை வீசினாலும் அது பசியாலன்றிச் சினத்தாலேயே தாக்கும். பிடித்து மீண்டும் விட்டுவிட்டால் தீங்கில்லை என்பாரும் உளர். ஆனால், அது அங்கில்லாத சில நிமிஷங்களுக்குள் புளூகில் போன்ற சிறுமீன்கள் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும். கூடுகள் தென்பட்டால் சொல்லுமாறு முதியவர் என்னைக் கேட்டுக்கொள்வார். சொன்னதும் படகைத் திருப்பச் செய்வார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. எளிதில் கிடைக்கும் என்பதையன்றி அங்கு வீசுவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கோடையே இக்கலையின் அரசு. பகல் வெயிலில் மீன் ஆழத்திற்கோ அல்லியிலைகளின் நிழலுக்கோ ஒதுங்கும். ஆகவே விடியலிலும் அந்தியிலும் வீசவேண்டும். முதியவருக்கோ இரவே உகந்தது. ஜிட்டர்பக் என்றொரு பொய்யிரை உண்டு. அதன் முகத்தில் அகன்ற உலோகத்தகடு இருப்பதால், ஒரே சீராக இழுத்தால் வாத்தைப்போல் இருபுறமும் அசைந்து களக் களக் என்று ஓசையிட்டு வரும். அமாவாசை இருளில் அவரும் நானும் ஒரே நிலையினர். உண்மையில் அவரே மேல். என் பொய்யிரை அல்லியிலையில் உரசியதையும், வீச்சு கரைக்கு எட்டாமற் போனதையும் செவியாலேயே அறிந்து சொல்லுவார். பாஸ் தன் பெருவாயைச் சடுதியில் விரித்து, நீரோடு இரையையும் உள்ளே உறிஞ்சுகிறது. நீர் சிதறக் கண்டவுடன் கோலை வெட்டி இழுப்பவன், வாய் மூடுமுன்னரே இரையைப் பறித்துவிடுகிறான். கனம் கையில் தெரியும்வரை பொறுத்திருத்தலே விதி. கண்ணுள்ளவர்க்கு அது மிகக் கடினம். முதியவர் காணாதவராதலால் கனத்துக்கே காத்திருக்கிறார். அவர் தவறவிடும் மீன்கள் மிகச் சிலவே.

இலையுதிர் காலத்தில் சிறுமீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு பாஸ் திறந்த நீருக்கு வருகிறது. அப்பொழுது சுருட்டைப் போன்ற வடிவுடைய ஜாரா ஸ்பூக் நன்கு பலிக்கும். அதற்கு முகத்தகடு இல்லை. நூலைச் சற்றுத் தளரவிட்டுக் கோல்நுனியைச் சுண்டச் சுண்ட, வலமும் இடமுமாய்த் திரும்பித் திரும்பி நடக்கும். ஓசை மிகக் குறைவாதலால் முதியவருக்கு அதில் விருப்பமில்லை. நான் கண்டதை விவரித்தால், வருணனை நீளமென்று கடிந்துகொள்வார். நீர் 50 பாகைக்குக் கீழே இறங்கியதும் பெட்டியை மூடிவிடுவோம். பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பது வேறொரு கலை. அதில் எனக்கு ஆசையில்லை.

இப்பொழுது பெட்டி அவர் சமையலறை மேசைமேல் இருக்கிறது. துருப்பிடித்த கொக்கிகளை விரலால் தடவியே கண்டு என்னிடம் நீட்டுகிறார். நான் மாற்றிக் கொடுக்கிறேன். படகைப் பற்றிய பேச்சை மகள் மே மாதத்திற்குத் தள்ளிவைத்திருக்கிறார்.