மிதித்தால் எரியுது, தொட்டால்?

இருட்டிய பிறகு பைக்கில் லாரிக்குப் பின்னால் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் வரும். முன்னால் இருப்பவர் பிரேக் பிடித்தால் எனக்குத் தெரியுமா? அந்தச் சிவப்பு விளக்கைச் சரிபார்க்கிறவர்களோடு ஒரு நாள் இருந்து பார்க்கலாம் என்றுதான் நாமக்கல் போனேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட எலக்ட்ரீஷியன் கடை அது.

காலையில் முதலில் வந்து நின்றது ஒரு பழைய பத்துச் சக்கர வண்டி. எட்டு வருடம் தாண்டிய வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, காட்டியாக வேண்டும். டிரைவர் அந்த அவசரத்தில் இருந்தார்.

"பிரேக் லைட் சரியா எரியறதில்லீங்ணா. சுவிட்ச மாத்திப் போட்டிருங்க."

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. "எரியவே இல்லையா, எப்பவாச்சும் எரியுதா தம்பி?"

"நல்லா மிதிச்சா எரியுதுன்னு கிளீனர் சொன்னானுங்ணா."

"லேசாத் தொட்டா?"

டிரைவர் யோசித்தார். "அது தெரியலீங்களே."

அவருக்குத் தெரிய வழியில்லை. ஹெட்லைட் போனால் பாதை இருட்டாகும். இண்டிகேட்டர் பல்பு போனால் 'டிக் டிக்' சத்தம் மாறிவிடும். பிரேக் லைட் மட்டும் ஓட்டுகிறவர் கண்ணில் படவே படாது.

காரில் இந்தச் சுவிட்ச் பெரும்பாலும் பெடலை ஒட்டியே இருக்கும். ஏர் பிரேக் லாரியில் காற்றுக் குழாயில் திருகியிருப்பார்கள். பெடலை மிதித்ததும் பிரேக் வால்வு திறந்து காற்று பாய்கிறது. அது சுவிட்சுக்குள் இருக்கும் டயஃப்ரத்தைத் தள்ள, இரண்டு முனைகள் ஒட்டிக்கொண்டு விளக்குக்குக் கரண்ட் போகிறது. டேங்கில் ஏழெட்டு பார் அழுத்தம் இருந்தாலும், நல்ல சுவிட்ச் ஒரு பாருக்கும் கீழேயே வேலை செய்துவிட வேண்டும்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு மேஸ்திரி அடியில் புகுந்தார். சாக்கை விரித்து நானும் பக்கத்தில் படுத்தேன். சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டார்.

"ரெண்டு பக்கமும் நல்லா எரியுதுங்ணா!" பின்னாலிருந்து கடைப் பையனின் குரல்.

அந்த ஒரு தொடலில் ஃப்யூஸ், வயர், பல்பு, எர்த் அத்தனைக்கும் பதில் கிடைத்துவிட்டது. மிச்சம் சுவிட்ச் ஒன்றுதான். பெடலில் யாரும் கால் வைக்கவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அதைக் கழற்றினார். "கையை நீட்டுங்க" என்று என் உள்ளங்கையில் தட்டினார். பழுப்பு நிறத்தில், பாலாடை மாதிரி கெட்டியாக ஒன்று விழுந்தது. எஞ்சின் ஆயில் வாடை. கம்ப்ரஸரிலிருந்து கசியும் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து ஊறிய கசடு. ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட்டிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்காது. இந்தக் கசடு அடைத்தால் லேசான காற்று உள்ளே போகாது, ஓங்கி மிதித்தால்தான் போகும்.

புதுச் சுவிட்ச் வாங்கப் பையன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனான். அதற்குள் இன்னொரு லாரி. வேறு எங்கோ இரண்டு தடவை சுவிட்ச் மாற்றியும் தீராத கோளாறு. பிரேக்கை மிதித்தால் விளக்கு மங்கலாக எரிகிறது, கூடவே இண்டிகேட்டரும் லேசாகக் கண் விழிக்கிறது. மேஸ்திரி இதற்கு அடியில் போகவே இல்லை. நேரே பின்விளக்குக்குப் போய் எர்த் வயர் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று புதுப் பெயிண்ட். எஃப்.சி.க்காக அடித்தது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்துப் பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து முடுக்கினார். விளக்கு பளிச்சென்று வந்தது. ஒரு சாமானும் மாற்றவில்லை. அந்த இரண்டு சுவிட்சுக்குக் கொடுத்த காசை நினைத்து எனக்கு மனசு பொறுக்கவில்லை.

பையன் வந்ததும் முதல் வண்டிக்குத் திரும்பினோம். சுவிட்ச் மாட்டியாகிவிட்டது, மிதித்தால் எரிகிறது. வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். மேஸ்திரி எழவில்லை.

"கண்ணு, பெருவிரலை மட்டும் வை. மிதிக்காதே, தொடு."

எரிந்தது.

"இன்னும் மெதுவா."

எரிந்தது. நாலைந்து தடவை இதையே செய்ய வைத்தார். அந்தக் கடையில் நான் பார்த்ததில் பெரிய வேலை இதுதான் என்பேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. டிரைவர்கள் எடுத்தவுடன் ஓங்கி மிதிப்பதில்லை, தொட்டுத் தொட்டுத்தான் வேகம் குறைக்கிறார்கள். பின்னால் வருகிறவனுக்கு அந்த முதல் தொடலிலேயே சேதி போக வேண்டும்.

காசு கொடுத்துவிட்டு டிரைவர் கேபினுக்கு ஏறப்போனார். படியில் கால் வைத்தவர் இறங்கி வண்டியின் பின்பக்கம் நடந்தார். விளக்குக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, இன்னொருக்காத் தொடு."

அவர் முகத்தில் சிவப்பு விழுந்தது.