மூணு ரோல் கூடை

பஸ்ஸுல இடம் பிடிக்க ஜன்னல் வழியா உள்ள போடுவோமே வயர் கூடை, ஞாபகம் இருக்கா உங்களுக்கு? பள்ளிக்கூடத்துக்குச் சோத்து டப்பா போனதும் அதுலதான், ஆஸ்பத்திரிக்கு பிளாஸ்க்கும் ரொட்டியும் போனதும் அதுலதான். போன தடவை பருத்தி விலையைச் சொல்லிப் புலம்பிட்டேன். இந்தத் தடவை கூடை.

திருவேங்கடம் சுத்துவட்டாரம் முழுக்கக் கரிசல் காடு. புரட்டாசி, ஐப்பசியில விதைச்சா மாசிக்குள்ள வெள்ளாமை வீட்டுக்கு வந்துரும். கிணறு இருக்கிறவன் கொஞ்சம் ஓட்டுவான். மத்தவங்களுக்குப் பங்குனிக்கு மேல காட்டுல சோலி கிடையாது. அப்பதான் எங்க தெருவுல பெரியம்மா வீட்டு வேம்படியில கூடைக் கூட்டம் கூடும். மதியச் சாப்பாட்டுக்கு மேல ஏழெட்டுப் பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க. தீப்பெட்டி ஆபீஸ் லீவுன்னா இன்னும் நாலு பேர் சேருவாங்க.

இதுக்கு ரோல் கணக்கு. ஒரு ரோல் கூடைன்னா சோத்து டப்பாவுக்கு. மூணு ரோல்னா சந்தைக்கு. வயரை முழம் போட்டு அளந்து வெட்டணும். தனியாளாவும் வெட்டலாம், ஆனா முறுக்கிக்கிட்டு உசுரை வாங்கும். அதனால ஒருத்தி முனையைப் பிடிச்சுக்குவா, இன்னொருத்தி தெருவுல இழுத்துக்கிட்டே நடப்பா. புதுசாப் படிக்கிறவளுக்கு அடி போட்டு முடிக்கிறதுக்குள்ள விரல் நுனி கன்னிப்போகும். அடி கோணுச்சுன்னா கூடை கடைசி வரைக்கும் கோணல்தான், பிரிச்சுத்தான் ஆகணும். சாதா முடிச்சு எல்லாருக்கும் வரும். அடுத்தது பிஸ்கட், நெல்லிக்காய். இதெல்லாம் தாண்டினா சிவன் கண்.

எங்க ஆச்சி காலத்துல வயர் ஏது? பனை ஓலையில கொட்டானும் கடகமும் பின்னுவாங்க. அதுக்கும் இதே மாதிரி மர நிழல், இதே மாதிரி பேச்சுதான். 2019 ஜனவரி 1 முதல் பாலித்தீன் பைக்குத் தடை வந்தப்புறம் வயர் கூடைக்குத் திரும்பவும் மவுசு வந்துச்சு. "வயரும் பிளாஸ்டிக்தானப்பா"ன்னு என் மகன் சொல்லுவான். வாஸ்தவந்தான். ஆனா எங்கம்மா முப்பது வருசத்துக்கு முந்திப் பின்னின கூடையில இன்னைக்கும் விதை வெங்காயம் கிடக்கு. கைப்பிடி மட்டும் ரெண்டு தடவை மாத்தினோம்.

விசயம் என்னன்னா, எங்க ஊர்ல சிவன் கண் ஒழுங்காப் பின்னத் தெரிஞ்சது ஒரே ஆளுக்குத்தான். எங்க மதினிக்கு. அண்ணன் வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சது உங்களுக்கும் தெரியும். மறு வருசம் சென்னையில நீங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்களே, அதே கதைதான். எனக்கும் அண்ணனுக்கும் கூட்டுக் கிணறு. ஒரு நாள் அவரு முறை, ஒரு நாள் என் முறை. கதிர் பிடிக்கிற நேரத்துல என் மக்காச்சோளம் வாடிக்கிட்டு நின்னுச்சு. பார்க்கப் பொறுக்காம, அண்ணன் முறை அன்னைக்கு ராத்திரி நான் மோட்டாரைப் போட்டுட்டேன். அரைப் பாத்தி பாயறதுக்குள்ள அவரு வந்து பீஸைப் பிடுங்கிட்டாரு. தப்பு என் பேர்லதான். அதோட விட்டிருக்கலாம். "ரெண்டும் பொட்டப்பிள்ளை, யாருக்குச் சேர்க்க இம்புட்டுக் கணக்குப் பார்க்கிற?"ன்னு கேட்டுட்டேன். அவரு ஒண்ணும் சொல்லலை. கையில இருந்த பீஸை வரப்புல வச்சிட்டுப் போயிட்டாரு.

அன்னையில இருந்து முறை மட்டும் பிசகாம நடக்குது. பேச்சு இல்லை. அவரு மூத்த மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்துச்சு. மொய்யைப் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தனுப்பினேன்.

இப்ப என் மகளுக்கு வைகாசியில முகூர்த்தம் குறிச்சிருக்கு. தாம்பூலப் பைக்குப் பதிலா ஐம்பது சின்னக் கூடை கொடுக்கணும்னு என் வீட்டுக்காரிக்கு ஆசை. அதுவும் சிவன் கண்தான் வேணுமாம். ஒரு நாள் வேம்படியில போய் மதினி பக்கத்துல உக்காந்திருக்கா. ரெண்டு பேரும் ஒரே மரத்தடியில எதிரெதிர் ஓரத்துல உக்கார்றவங்கதான். மதினி ஒண்ணும் கேக்கலையாம். இவ கோணலாப் போட்ட முடிச்சை வாங்கிப் பிரிச்சு, "ஏளா, இந்த வயரைக் கீழ விடு, அதை மேல எடு"ன்னு ஆரம்பிச்சுட்டாங்களாம். அப்புறம் தினமும் அதே இடம். என்ன பேசுனீங்கன்னு கேட்டா, "வயர் கலர்"ங்கிறா. நான் நம்பலை. கை ஓடிக்கிட்டே இருந்தா முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் முடிச்சைப் பார்த்துச் சொல்லிடலாம். எங்களுக்குத்தான் அப்படி ஒரு வேம்படி இல்லை. டீக்கடை இருக்கு, ஆனா அங்க அரசியல்தான் பேச முடியும்.

முந்தாநாள் காட்டுல இருந்து வர்றேன், என் வீட்டுத் திண்ணையில மதினி உக்காந்திருக்காங்க. சுத்தி மஞ்சளும் பச்சையுமா வயர். மண்வெட்டியைத் தோள்ல வச்சுக்கிட்டு உள்ள போறதா, வெளிய நிக்கிறதான்னு தெரியாம வாசல்லயே நின்னுட்டேன். இவ அடுப்படியில இருந்தா. மதினி தலையை நிமிர்த்தலை. "கொழுந்தனாரே, சும்மா நிக்கிறதுக்கு இந்த முனையைப் பிடிங்க"ன்னாங்க.

மண்வெட்டியைச் சுவத்துல சாத்திட்டுப் பிடிச்சேன். அவங்க முழம் போட்டுக்கிட்டே தெருப்பக்கம் நடந்தாங்க. திரும்பி வரும்போது, "உங்கண்ணனுக்கு ராத்திரியில இப்ப கண்ணு சரியாத் தெரியலை. வரப்புல தடுமாறுறாரு. சொன்னாக் கேக்க மாட்டேங்காரு"ன்னாங்க. என்கிட்ட சொன்னாங்களா, வயருகிட்ட சொன்னாங்களா தெரியலை. நான் முனையை விடாம நின்னேன். இருபது துண்டு வெட்டினோம்.

இன்னைக்கு அண்ணன் முறை. ராத்திரி பதினோரு மணிக்கு மும்முனைக் கரண்ட் வரும். டார்ச் லைட்டுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டு வச்சிருக்கேன். "உங்க முறை நாளைக்குத்தானே?"ன்னு இவ கேக்கிறா. ஆமான்னேன். வேற ஒண்ணும் கேக்காம முடிச்சைப் போட்டுக்கிட்டு இருக்கா.