மழைக்கு முன் திறந்த மருந்து டப்பா

புரட்டாசி முடிந்து வானம் இருட்டத் தொடங்கினால் குடையையும் ரெயின்கோட்டையும் தேடி எடுக்காத வீடு கிடையாது. மருந்து டப்பாவைத் திறந்து பார்க்கிற வீடுகள்தான் குறைவு. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்கு உடம்பு கொதிக்கும்போதுதான் அதன் நினைவே வரும். இது எந்த வருஷத்து சிரப் என்று செல்போன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருப்போம்.

தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் இந்த வேலையை மழைக்கு முன்பே முடித்துவிட நினைத்தாள் மருமகள். காரணம் இருந்தது. வீட்டில் மூன்று வயதுப் பையன். சர்க்கரையும் பிரஷரும் உள்ள மாமனார். இவளும் கணவனும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கப் பையனைப் பார்த்துக்கொள்வது மாமியார்தான். டப்பாவும் அவருடையதுதான். பழைய பிஸ்கட் டின்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை விரித்து இருவரும் அதைக் கொட்டினார்கள். பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள், தேதி இருந்த பக்கம் கிழிந்துபோனவை, மூடி ஒட்டிக்கொண்ட இருமல் சிரப்கள், தைலம், எதற்கென்றே தெரியாத ஒரு சொட்டு மருந்து.

மாமியார் சட்டென்று ஓர் அட்டையை எடுத்துப் பத்திரமாக ஓரம் வைத்தார். "இது நல்ல மருந்தும்மா. போன வருஷம் டாக்டர் அஞ்சு நாளைக்குக் கொடுத்தார். மூணு நாள்லயே கேட்டுடுச்சு. மிச்சம் அப்படியே இருக்கு."

"அத்தை, அது ஆன்டிபயாடிக். சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸால வர்றது. அதுக்கு இது கேக்காது. மிச்சம் வெக்காம முழுசா சாப்பிடணும்னுதான் அஞ்சு நாளைக்குக் கொடுத்திருக்காங்க."

"காசு கொடுத்து வாங்கினதாச்சே!" மனசில்லாமல்தான் கொடுத்தார்.

அடுத்தது இருமல் சிரப். அதில் வாக்குவாதமே இல்லை. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தியை மாமியாரும் டி.வி.யில் பார்த்திருந்தார். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத்துறை அப்போது அறிவுறுத்தியது. "பையனுக்கு இருமல்னா வெந்நீரும் ஒரு ஸ்பூன் தேனும் போதும்" என்றார் மாமியார். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அது சரிதான். அதற்குக் கீழே தேன் கொடுக்கவே கூடாது.

அதிகம் பயமுறுத்தியது ஒரு சின்ன பாட்டில்தான். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பாராசிட்டமால் சொட்டு மருந்து. அதில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருந்தது. இப்போது கொடுக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். அவசரத்தில் சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். பாட்டில் குப்பைக்குப் போனது. டாக்டர் எடை பார்த்து எழுதிக்கொடுத்த அளவை மருமகள் சிரப் பாட்டில் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டினாள்.

மாமனாரின் மூட்டுவலி மாத்திரைகளைத் தனி டப்பாவுக்கு மாற்றினார்கள். மழைக்கால டெங்குவில் ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான்.

டின்னில் கடைசியாக மிஞ்சியவை கொஞ்சம்தான். புது பேட்டரி போட்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு, மாஸ்க், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை டம்ளர் தண்ணீரில் கலக்கக் கூடாது என்பதால் ஒரு லிட்டர் பாட்டிலையும் பக்கத்திலேயே வைத்தார்கள். சுக்கும் மிளகும் அஞ்சறைப் பெட்டியிலேயே இருந்தன. மாமனாருக்கு ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டியதை மருமகள் காலண்டரில் குறித்தாள்.

மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டினார்கள். பையனின் எடை, டாக்டர் நம்பர், 108. அதன் கீழே, எப்போது காத்திருக்கக் கூடாது என்ற வரிகள்: மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், தண்ணீர்கூடக் குடிக்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், வாந்தி நிற்காவிட்டால், எழுப்பியும் துவண்டே கிடந்தால், வலிப்பு வந்தால். கடைசி வரியை மாமியார் தன் கையாலேயே எழுதினார்: 'காய்ச்சல் விட்டதும் வயிற்று வலி, ரத்தக்கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.' டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது.

கார்த்திகையில் ஒரு நாள் மருமகளின் ஆபீஸுக்குப் போன் வந்தது. முன்பெல்லாம், "உடம்பு அனலா கொதிக்குது, உடனே வாம்மா" என்று பதறுவார். இவளும் போட்டது போட்டபடி ரயிலைப் பிடிக்க ஓடுவாள்.

"101.4 இருந்தது. பத்தே காலுக்கு மருந்து கொடுத்தேன், நேரத்தை எழுதி வெச்சிருக்கேன். இப்ப நூறுக்கு இறங்கிடுச்சு. ஒரு இட்லி சாப்பிட்டான், தண்ணி குடிக்கிறான். சாயந்தரம் டாக்டர்கிட்ட காட்டிடலாம். நீ வேலையை முடிச்சிட்டே வா."

அன்று மருமகள் வழக்கமான ரயிலில்தான் வீட்டுக்கு வந்தாள்.