வெள்ளி விளக்கும் அடையாற்றுச் சேறும்

கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரைக்கு நாலு தெரு தள்ளி 22 வருஷம் குடியிருந்தோம். எனக்குத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் உத்தியோகம். மனைவிக்கு ஒரே புகார். வெள்ளிக்கிழமை விபூதி போட்டுத் தேய்த்து வைத்த வெள்ளி விளக்கு அடுத்த வெள்ளிக்குள் கறுத்துவிடும். "தினம் ஆத்துத் தண்ணியை டெஸ்ட் பண்றேளே, இதுக்கு ஒரு வழி சொல்லப்படாதா?" என்பாள். காற்று அப்படி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

நாங்கள் செய்தது பி.ஓ.டி. சோதனை. ஆற்றுத் தண்ணீரை நீர்க்கக் கலந்து 300 மில்லி குப்பியில் அடைத்து, 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் வைத்து, பாக்டீரியா எவ்வளவு ஆக்சிஜனைத் தீர்த்திருக்கிறது என்று பார்ப்போம். குப்பியில் வந்ததெல்லாம் தண்ணீர்தான். சேற்றை எடுத்துவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கும்போது ஒரு கருத்தரங்குக்கு அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய பேச்சு, ஆனாலும் தூக்கம் வரவில்லை. பாக்டீரியாவை எண்ணுவது வேறு, அது பெருகும் வேகத்தை அளப்பது வேறு என்றார் பேசியவர். ரங்கநாதன் தெருவில் தலையை எண்ணினால் வியாபாரம் தெரியுமா? பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பில் போடுகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். 1980 வாக்கில் கலிபோர்னியாவில் ஃபர்மன், அசாம் என்ற இருவர் அப்படி ஒரு வழி கண்டார்கள். பாக்டீரியா இரண்டாகப் பிரியப் புது டி.என்.ஏ. கட்டியாக வேண்டும். அதற்கான செங்கல்களில் ஒன்று தைமிடின். அதில் கதிரியக்கமுள்ள டிரிடியத்தை ஏற்றித் தண்ணீரில் கலந்து, சற்று நேரம் கழித்து வடிகட்டி, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கருவியில் எண்ணுவார்கள்.

தண்ணீரில் இது நன்றாக நடக்கும். சேற்றில்தான் தகராறு. தைமிடின் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்களில் பல அதைச் சீண்டுவதே இல்லை. அடையாறு முகத்துவாரத்தில் அவற்றுக்கு என்ன குறை? கடலிலிருந்து சல்பேட், ஊரிலிருந்து சாக்கடைச் சாப்பாடு. அவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டை நாற்றம். திரு.வி.க. பாலத்தில் தண்ணீர் இறங்கிய நேரத்தில் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொள்வோமே, அதே. வெள்ளியில் பட்டால் வெள்ளி கறுக்கும்.

எனக்கு விளக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "நான் சொன்னப்போ காத்துன்னேள்" என்றாள்.

2015 டிசம்பர் வெள்ளம் எங்கள் கூடம் வரை வந்தது. வீட்டைக் கழுவி முடித்து அந்தப் பொங்கலுக்கு விளக்கேற்றியபோது, "கவனிச்சேளா, கறுக்கவே இல்லை" என்று அவள்தான் காட்டினாள். வெள்ளம் அடிச்சேற்றை வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும். அந்தக் கோடைக்குள் பழையபடி கறுக்க ஆரம்பித்துவிட்டது. தேய்த்த தேதியை எழுதி வைக்கச் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. விளக்கு இப்போது மயிலாப்பூரில் பெண் வீட்டில். மாதத்துக்கு ஒரு தரம் தேய்த்தால் போதும் என்கிறாள்.